மேன்மாடமும் நிலநடுக்கமும்

சூனேம் ஊரிற் செல்வமுடைய பெண்ணொருத்தி, அவ்வழியே அடிக்கடி செல்லும் எலிசா தீர்க்கதரிசி தங்குதற்பொருட்டுத் தன் கணவனோடு கலந்து, வீட்டு மெத்தையின்மேற் சிற்றறை ஒன்று கட்டுவித்து, அதிற் கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்த செய்தியை இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்திற் படித்திருக்கின்றோம். வீட்டின் முழுப் பரப்பையும் மூடாது, ஒரு மூலையையோ நடுவையோ மட்டும் பற்றி மேலெழும் இத்தகைய அறை, மக்கள் கட்டட வழக்கங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. இக்காலத்தும் அது மறையவில்லை. மொட்டை மாடியிற் படிக்கட்டின் தலைமேல் எழுப்பும் சிற்றறையைக் கொத்தனார் 'ஹெட்ரூம்' என்பர். அதன்மேல் தண்ணீர்த்தொட்டி ஏறும். அதன் அருகே வாடகைக்கென்று ஓர் அறையும் சமையற்கட்டும் எழும். சில ஆண்டு சென்றபின் அவ்வறைக்கு ஒரு தாழ்வாரமும் வந்து சேரும்.

இவையெல்லாம் சிறியன ஆதலின் இவற்றால் வீட்டிற்கு இடையூறு யாதுமில்லை என்பது பலருடைய எண்ணம். நிலம் அசையாதிருக்கும் நாளில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்துவதே. நிலம் நடுங்கும் நாளிலோ அது பொருந்தாது. மேன்மாடம் ஒன்றன் நன்மையும் தீமையும் அதன் பருமனைக் காட்டிலும், அது கட்டடத்தின் எப்பக்கத்தில் நிற்கின்றது, அதன் தூண்கள் கீழே எங்குச் சென்று முடிகின்றன என்னும் இரண்டனையே பெரிதும் சார்ந்துள்ளன. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியம் பயிலும் மாணவனுக்குக் கட்டட நூலில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், பன்னிலை மாடங்களைப் பாடாத பழம்புலவர் அரியர் என்பதும், அம்மாடங்கள் நிற்கும் வகையையும் சிறிது அறிந்துகொள்ளுதல் பிழையாகாது என்பதுமே எம் விடை.

ஈண்டு மேன்மாடம் என்பது, கீழ்நிலையின் பரப்பில் ஒரு பகுதியை மட்டும் மூடி நிற்கும் மேல்நிலை என்று கொள்க. மேற்கூரைக்கு மேலே எழுவது ஒருவகை. உயரமான ஒரு நிலையின் உள்ளேயே, பாதி உயரத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் அமைக்கும் தட்டு மற்றொருவகை. கடைகளிலும் பண்டசாலைகளிலும் இதனைக் காணலாம். இதனை இடைத்தட்டு என்போம். பரண் என்னும் நம் பழஞ்சொல் இதற்கு மிக அணித்தே நிற்கின்றதாயினும், பரணில் ஆட்கள் அமர்ந்து தொழில் செய்வதில்லை.

இனி, நிலநடுக்கம் கட்டடத்தை எவ்வாறு தாக்குகின்றது என்று பார்ப்போம். காற்று வெளியிலிருந்து சுவரைத் தள்ளுகின்றது. நிலநடுக்கமோ அவ்வாறு தள்ளுவதன்று. நிலம் பக்கவாட்டில் விரைந்து நகர்கின்றது. கட்டடத்தின் அடி அதனோடு செல்கின்றது. மேற்பகுதி தான் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கின்றது. நின்றுகொண்டிருந்த பேருந்து சட்டென்று புறப்படின் உள்ளே நிற்போர் பின்னோக்கிச் சாய்வது இதனாலேயே. ஆகவே நடுக்கத்தின் விசை கட்டடத்தின் எடையிலிருந்தே பிறப்பது. எடை மிகுந்த இடத்தில் விசையும் மிகும். அன்றியும், கட்டடம் தென்னைபோல் அடியில் ஊன்றி நிற்பதாகலின், அடியில் அசைவு குறைந்தும் முடியில் மிகுந்தும் இருக்கும். ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களுள் ஒன்றைத் தரைமட்டத்திலும் மற்றொன்றை உச்சியிலும் வைப்பின், உச்சியிலுள்ளது பன்மடங்கு விசையை உண்டாக்கும்.

எத்தனை மடங்கு என்பதைக் கணக்கிட்டுக் காட்டினால் செய்தி தெளிவாகும். இந்தியத் தர நிறுவனம் நிலநடுக்கத்திற்கென்று 1962-ஆம் ஆண்டு முதன்முதல் வெளியிட்ட 1893 என்னும் எண்ணுடைய விதிநூல் பலமுறை திருத்தப்பெற்றது. அதன் 2002, 2016-ஆம் ஆண்டுப் பதிப்புகளில், ஒழுங்கான கட்டடம் ஒன்றன் மொத்தப் பக்கவிசையை நிலைதோறும் பகிர்வதற்கு ஒரு முறை சொல்லப்பட்டுள்ளது: ஒவ்வொரு தளத்தின் எடையையும் அது நிற்கும் உயரத்தின் இருபடியாற் பெருக்கி, அப்பெருக்குத்தொகைகளின் விகிதப்படி விசையைப் பகிர்தல் வேண்டும். மூன்று முழுத்தளங்களை உடைய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் 100 டன். தளங்களின் உயரம் 3, 6, 9 மீட்டர். அதன்மேல், பரப்பில் நூற்றுக்கு முப்பது பங்கு மட்டும் மூடும் ஒரு மேன்மாடம், 12 மீட்டர் உயரத்தில், 30 டன் எடையோடு நிற்பதாகக் கொள்வோம். பெருக்குத்தொகைகள் முறையே 900, 3,600, 8,100, 4,320, கூட்டுத்தொகை 16,920.

மேன்மாடத்தின் எடை மொத்த எடையாகிய 330 டன்னில் நூற்றுக்கு ஒன்பதேயாகும். அதன் பங்கிற்கு வரும் விசையோ நூற்றுக்கு இருபத்தைந்தரை. சிறிய அறை என்று நாம் புறக்கணித்த ஒன்று மொத்த விசையில் நாலிலொரு பங்கைத் தன்னிடத்தே பிறப்பித்துக்கொள்கின்றது. விதிநூலின் மூன்றாம் மண்டலத்தில், நடுத்தர மண்ணில், நன்கு கம்பி கட்டிய கான்கிரீட் சட்டகமாயின், இக்கட்டடத்திற்கு மொத்தப் பக்கவிசை எடையில் நூற்றுக்கு நான்கு, அதாவது 13.2 டன் என்று வரும். அதில் மேன்மாடத்தின் பங்கு ஏறத்தாழ 3.4 டன். இது அதன் சொந்த எடையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். முதல் தளமோ, நூறு டன் எடையிருந்தும், 0.7 டன் விசையே பெறுகின்றது.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. மேன்மாடம் ஏறுமுன் அக்கட்டடத்தின் மொத்தப் பக்கவிசை 12 டன், ஏறியபின் 13.2 டன். மிகுந்தது நூற்றுக்குப் பத்து. ஆனால் கட்டடத்தை அடியோடு கவிழ்க்க முயலும் திருப்புவிசையைக் கணக்கிடின், அது நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேலாக மிகுகின்றது. ஓரத் தூண்களும் அவற்றின் கடைக்காலும் இம்மிகுதியைச் சுமத்தல் வேண்டும். 'பத்தில் ஒரு பங்கு எடைதானே கூடுகின்றது' என்று சொல்லி மாடி ஏற்றுவார், தம் கடைக்கால் நாலிலொரு பங்கு மிகையான சோதனைக்கு உட்படுவதை அறியார்.

இக்கணக்கும் உண்மையிற் குறைவுடையதே. இருபடி முறை, கட்டடம் அடிமுதல் முடிவரை ஒரே வடிவினதாய் இருப்பின் பொருந்துமாறு வகுக்கப்பட்டது. திடீரென்று குறுகும் கட்டடத்தின் முடி இதனினும் மிகுதியாக ஆடும். சாட்டையின் பிடியைச் சிறிதே அசைத்தாலும் நுனி சீறிப் பாய்தல்போல, பெரிய உடலின் மேல் நிற்கும் சிறிய உறுப்பு வீசி எறியப்படும். மெத்தையறைக்குக் கீழே இருப்பது நிலமன்று. முன்னரே ஆடிக்கொண்டிருக்கும் வீடு. வீட்டின் ஆட்டமே அவ்வறைக்கு நிலநடுக்கமாகின்றது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவார் மெல்லத் தள்ளியே உயர ஏற்றிவிடுவர். அவ்வாறே அறையின் இயல்பான அலைவு நேரமும் வீட்டின் அலைவு நேரமும் அணுகி வருமாயின் அறையின் ஆட்டம் மேன்மேலும் வளரும். கூரைக்கு மேல் நீட்டி நிற்கும் தொட்டி, புகைபோக்கி, கைப்பிடிச்சுவர் முதலியவற்றை ஏனைய கட்டடத்திற்குரிய விசைக் குணகத்தின் ஐந்து மடங்கிற்குத் தாங்குமாறு அமைத்தல் வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிநூல் கூறியது இதுபற்றியே. நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் மேல் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி இருப்பின், நீர் மட்டும் இரண்டு டன். ஐந்து மடங்கின்படி 400 கிலோகிராம் விசை அதனைப் பக்கவாட்டில் இழுக்கும். நான்கு செங்கற்கால்களின்மேல் கட்டுமின்றி வைத்த தொட்டி அதற்கு நிற்குமா என்பதைப் படிப்பவரே தம் மொட்டை மாடிக்குச் சென்று நோக்கி அறியலாம்.

அறை தான் இடிவது ஒருபுறமிருக்க, கீழுள்ள கட்டடத்தை அது எவ்வாறு கெடுக்கின்றது என்பது அடுத்த வினா. ஒரு துணியைக் கிழிக்க வேண்டுவோர் ஓரத்திற் சிறிது வெட்டிக்கொள்வர்; பின் இழுத்தால் கிழிவு அவ்வெட்டிலிருந்தே தொடங்கும். கட்டடத்தில் அகலமும் விறைப்பும் திடீரென்று மாறும் படிவாயில் அத்தகைய வெட்டைப் போன்றது. மேலிருந்து வரும் விசை அங்கே வழி மாறவேண்டியிருப்பதால் அவ்விடத்துத் தூண்களிலும் தளத்திலும் நெருக்கடி மிகும். ஜப்பானில் கோபே நகராண்மை மன்றத்தின் எட்டுநிலைத் துணைக்கட்டடம், 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் விடியற்காலை நேர்ந்த நடுக்கத்தில், அடியிலும் இடியாமல் முடியிலும் இடியாமல், ஆறாம் நிலை மட்டும் நசுங்கிப் போயிற்று. தூண்களின் உள்ளமைப்பு அவ்வுயரத்தருகே மாறியிருந்தமையும், மேல்நிலைகளுக்கு வரும் விசையைப் பழைய விதிகள் குறைவாக மதித்திருந்தமையும் அதற்குக் காரணங்களாக அறிஞர் காட்டினர். அது மேன்மாடமுள்ள கட்டடமன்று. ஆயினும் வலிமை திடீரென்று மாறும் இடமே முறியும் இடம் என்பதற்கு அதனினும் வெளிப்படையான சான்று காண்டல் அரிது.

மேற்பகுதி ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்குமாயின் பிறிதொரு தீமை வந்து சேரும், அது முறுக்கம். கட்டடத்தின் எடை ஒரு புள்ளியைச் சுற்றிச் சமமாக நிற்கும். அதன் தூண்களும் சுவர்களும் தரும் விறைப்பும் அவ்வாறே ஒரு புள்ளியைச் சுற்றி நிற்கும். இரண்டு புள்ளியும் ஒன்றாயின் கட்டடம் நேராக ஆடும். விலகியிருப்பின், கீலிற் பிணைத்த கதவு தள்ளப்படும்போது சுழல்வதுபோல, விறைப்பான பக்கத்தைச் சுற்றி மற்றப்பக்கம் சுழலும். தொலைவிலுள்ள தூண்களே மிகுதியாக வளையும்.

இதற்கு உலகமெங்கும் பொறியியல் மாணவர்க்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா நாட்டுத் தலைநகராகிய மனாகுவாவில் உள்ளது. 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், நள்ளிரவு கழிந்து அரைமணி நேரத்திற்குள், கிறிஸ்து பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, அந்நகரின் அடியிலேயே நிலம் பிளந்தது. அளவு 6.2 தான், எனினும் நகரின் நடுப்பகுதி அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நகரில் ஒன்றற்கொன்று எதிர்மூலையில் இரண்டு வங்கிக் கட்டடங்கள் நின்றன. ஒன்று பதினைந்து நிலையுள்ள நாட்டு மத்திய வங்கி. மற்றொன்று பதினெட்டு நிலையுள்ள அமெரிக்க வங்கி. இரண்டும் கான்கிரீட்டினாலாயவை, ஒரே மண்ணில், ஒரே நடுக்கத்தை, ஒரே நொடியில் ஏற்றவை. ஆராய்ச்சியாளர் விரும்பிச் செய்யினும் இத்தகைய ஒப்பீட்டை அமைத்தல் இயலாது.

மத்திய வங்கியின் கோபுரப்பகுதி, கீழே பரந்து நின்ற அடிப்பகுதியின்மேல் எழுந்தது. கோபுரத்தின் முகப்பில் நெருக்கமாக நிறுத்திய தூண்கள் நேரே நிலத்திற்கு இறங்கவில்லை. நான்காம் நிலையளவில் உத்திரங்களின்மேல் வந்து நின்றுவிட்டன. அதற்குக் கீழே இடைவெளி மிகுந்த சில தூண்களே அவ்வளவு சுமையையும் ஏற்றன. அன்றியும், படிக்கட்டையும் மின்தூக்கிகளையும் சூழ்ந்த உறுதியான கான்கிரீட் கூடு, நடுவில் இல்லாமல் மேற்குக் கோடியிலே வைக்கப்பட்டிருந்தது. நிலம் ஆடியபோது கோபுரம் மேற்குக் கோடியைக் கீலாகக் கொண்டு முறுகியது. தளங்கள் கூட்டை விட்டு விலகி வெடித்தன, தூண்கள் நெளிந்தன, உட்சுவர்களும் மேற்கட்டிகளும் வீழ்ந்தன. எதிர்மூலையில் நின்ற அமெரிக்க வங்கியோ அதனினும் மூன்று நிலை உயர்ந்தது. ஆயினும் அதன் நடுவே நான்கு கான்கிரீட் கூடுகள் சமச்சீராக நிறுத்தப்பட்டு, நிலைதோறும் உத்திரங்களாற் பிணைக்கப்பட்டிருந்தன. அவ்வுத்திரங்களிற் கீறல் விழுந்தது, கட்டடம் நின்றது. பிணைக்கும் உத்திரங்கள் முதலில் வெடித்து, கூடுகளைக் காப்பது வடிவமைத்தவரின் கருத்துமாகும். உயரம் குறைந்தது கெட்டதும் உயரம் மிகுந்தது பிழைத்ததும், உயரத்தைப்பற்றி நாம் கொண்டுள்ள அச்சம் பாதியளவு இடந்தவறியது என்பதைக் காட்டுகின்றன.

நிற்க. மனாகுவாவில் நேர்ந்ததே, வேறு வடிவில், நம் நாட்டிலும் நேர்ந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலை 8 மணி 46 நிமிடத்திற்குக் குஜராத்தின் கச்சுப் பகுதியில் 7.7 அளவுள்ள நடுக்கம் தோன்றியது. பூஜ் நகரத்துச் சேதம் எதிர்பார்க்கத்தக்கதே. நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திற் பல அடுக்குமாடி வீடுகள் வீழ்ந்தது ஏன் என்பதே வியப்புக்குரிய வினாவாயிற்று. அங்குச் சென்று ஆராய்ந்தோர் கண்டவற்றுள் இரண்டு குறை திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, வண்டி நிறுத்துதற்பொருட்டுக் கீழ்நிலையைச் சுவரின்றித் தூண்களின்மேலேயே விட்டமை. மற்றொன்று, மேல்நிலைகள் கீழ்நிலையினும் வெளியே நீண்டு, அந்நீட்சியின் விளிம்பிலிருந்து மேலே செல்லும் தூண்கள் நிலத்தைத் தொடாமல், உத்திரத்தின் நுனியில் நின்றமை. 'மிதக்கும் தூண்' என்று இதனைப் பொறியாளர் அழைக்கின்றனர். அஞ்சத்தக்க அழகுடைய பெயர். மெத்தையின் ஓரத்தில் ஒரு மேன்மாடம் எழுப்புவார், தமக்கு வேண்டிய இடத்திற் கீழே தூண் இல்லையெனக் கண்டு, உள்ள உத்திரத்தின் நடுவிற் புதுத் தூணை நிறுத்திக்கொள்ளும்போது, அறியாமலே ஒரு மிதக்கும் தூணைப் பெற்றெடுக்கின்றனர்.

இனி, இடைத்தட்டைப்பற்றிச் சில சொல்லுவோம். பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு என்று அமெரிக்கர் வழங்கும் நூலின் பொதுவிதி, ஓர் அறையின் பரப்பில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாத இடைத்தட்டைத் தனி நிலையாக எண்ணுவதில்லை. தீயினின்று தப்பும் வழி முதலியவற்றைக் கருதிய அவ்வெண்ணிக்கையை நிலநடுக்கத்திற்கும் உரியதெனக் கொண்டு, 'இது மாடியே அன்று' எனக் கைவிடுதல் கூடாது. ஏனெனில், தூணின் விறைப்பு அதன் நீளத்தின் முப்படிக்குத் தலைகீழாக மாறுவது. நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்காகும். நான்கு மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தில் ஒரே வகையான ஆறு தூண்கள் இருப்பதாகவும், அவற்றுள் இரண்டை மட்டும் நடு உயரத்தில் ஓர் இடைத்தட்டின் உறுதியான உத்திரங்கள் இறுகப் பிடித்திருப்பதாகவும் கொள்க. அவ்விரண்டன் ஒவ்வொரு பாதியும் எட்டு மடங்கு விறைப்புடையது. இரண்டு பாதியும் ஒன்றன்மேலொன்றாய் நிற்பதால் முழுத் தூணின் விறைப்பு நான்கு மடங்கு. ஏனைய நான்கு தூண்களுக்கு ஒவ்வொரு பங்கு விறைப்பு. இவ்விரண்டிற்கும் சேர்ந்து எட்டுப் பங்கு. மொத்தம் பன்னிரண்டில், இவ்விரு தூண்களே எட்டுப் பங்கு விசையைத் தம்மேல் இழுத்துக்கொள்ளும். முன்பு ஆறிலொரு பங்கைச் சுமந்த தூண் இப்போது மூன்றிலொரு பங்கைச் சுமக்கின்றது. தட்டு தூணுக்கு உதவிற்று என்று கண்ணுக்குத் தோன்றும், நடந்தது வேறு. குட்டையான தூண் வளைந்து கொடாது. குறுக்கே பெருக்கற்குறிபோல் வெடித்துத் திடீரென்று முறியும். பாதி உயரத்திற் சுவர் கட்டி மேலே சாளரம் விடும் பள்ளிக் கட்டடங்களிலும், படிக்கட்டின் நடுத்தட்டு வந்து சேரும் தூண்களிலும் காணும் சேதம் இவ்வகையினதே.

விதிநூல்கள் இவற்றையெல்லாம் ஒழுங்கின்மை என்னும் தலைப்பில் வகுத்துள்ளன. அடுத்தடுத்த இரண்டு நிலைகளில், பக்கவிசை தாங்கும் சட்டகத்தின் அகலம் ஒன்றில் மற்றதனினும் ஒன்றரை மடங்கிற்கு மிகுமாயின் அது வடிவ ஒழுங்கின்மை என்று 2002-ஆம் ஆண்டு இந்திய விதிநூல் வரையறுத்தது. அமெரிக்க விதி 1.3 மடங்கிலேயே எச்சரிக்கின்றது. நாம் எடுத்துக்கொண்ட மேன்மாடம் ஒரு திசையில் மட்டும் குறுகி முப்பது பங்காயினதாயின், இவ்வெல்லைகளை எவ்வளவோ தாண்டிவிடும். 1997-ஆம் ஆண்டு அமெரிக்கச் சீர்விதித்தொகுப்பு, ஒருநிலை மெத்தையறையை இக்கணக்கில் எடுக்கவேண்டுவதில்லை என்று விலக்களித்தது. அவ்விலக்கு கீழுள்ள கட்டடத்திற்கேயன்றி, அறையின் தூணுக்கும் சுவருக்கும் ஆகாது என்பது எம் கருத்து. 2016-ஆம் ஆண்டு இந்திய விதிநூலின்படி, மிகக் குறைந்த இடருள்ள இரண்டாம் மண்டலத்தில் 15 மீட்டருக்குட்பட்ட ஒழுங்கான கட்டடங்களுக்கு மட்டுமே எளிய கணக்குப் போதும். ஏனையவற்றிற்கெல்லாம் அலைவுகளை ஆராயும் விரிவான கணக்கு வேண்டும்.

தமிழ்நாட்டார்க்கு இதனாற் பயன் என்னை என்று கேட்கலாம். சென்னை முன்பு இரண்டாம் மண்டலத்தில் இருந்து, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2001 செப்டம்பர் 25-ஆம் நாள், புதுச்சேரிக்கு அப்பாற் கடலில் 5.5 அளவுள்ள நடுக்கம் தோன்றிச் சென்னையிலும் உணரப்பட்டது. கோயம்புத்தூர்ப் பகுதி 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கத்தைக் கண்டது. இமயமலைச் சாரலுக்குள்ள இடர் நமக்கில்லை. இடரே இல்லை என்பதும் இல்லை. அன்றியும், இரண்டாம் மண்டலத்திற்கென்று கணக்கிட்டுக் கட்டிய பழைய வீடுகளின்மேலேதான் இன்று பாதி மாடிகள் ஏறுகின்றன. மேலே சொன்ன கணக்கில் அவ்வீட்டின் தகுதிக்கும் தேவைக்கும் இடையே எத்துணை வேற்றுமை வரும் என்பது வெளிப்படை. மண்டலக் குணகம் இரண்டாவதற்கு 0.10, மூன்றாவதற்கு 0.16. துருக்கி நாட்டில் 2018-ஆம் ஆண்டு, உரிமமின்றி எழுந்த கட்டடங்களையும் மாடிகளையும் கட்டணம் பெற்று ஒப்புக்கொள்ளும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் நடுக்கத்தில் அந்நாட்டில் ஐம்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டபின் அச்சட்டம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. வரைபடத்தில் முத்திரை இடுதலால் தூணுக்குள் கம்பி வளர்வதில்லை.

மேன்மாடமே கட்டலாகாது என்பது எம் கருத்தன்று. கட்டும் முறை உண்டு. இயன்றவரை அதனைக் கட்டடத்தின் நடுவில் அமைத்தல் வேண்டும். இரண்டு அறைகள் வேண்டுமாயின் இரு கோடியிலும் ஒத்த எடையோடு அமைத்தல் ஒரே மூலையிற் குவித்தலினும் நன்று. அதன் தூண்கள் யாவும் கீழுள்ள தூண்களின் நேர்மேல் நின்று கடைக்கால்வரை தொடர்தல் வேண்டும். சுவரும் கூரையும் இலேசாதல் வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவருக்கும் கான்கிரீட் தளத்திற்கும் மாறாக, இரும்புச் சட்டகமும் தகட்டுக் கூரையும் அமைப்பின், முப்பது டன் மிகவும் குறைந்துவிடும்.

புதுத் தூணைப் பழைய தூணோடு இணைப்பதில் ஒரு பெருந்தவறு நாடெங்கும் நிகழ்கின்றது. பின்னாள் மாடி எழுப்பும் எண்ணத்தோடு, கூரைக்கு மேல் ஒருமுழம் இரண்டுமுழம் கம்பியை நீட்டி விட்டுவைப்பர். அது மழையில் துருப்பிடிப்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, புதுக் கம்பியை அதனோடு சேர்த்துக் கட்டும் இடம் புதுத் தூணின் அடியிலேயே அமைந்துவிடுவது. தூணின் அடியும் தலையுமே நடுக்கத்தில் மிகுதியாக வளையும் இடங்கள். கம்பி ஒட்டுகளைத் தூணின் நடுப்பாதியில் மட்டுமே வைத்தல் வேண்டும் என்று 13920 என்னும் எண்ணுடைய இந்திய விதிநூல் 1993-ஆம் ஆண்டு முதலே கூறிவருகின்றது. மேலும், தூணின் இருகோடியிலும் 'ரிங்' என்று கொத்தனார் வழங்கும் வளையக் கம்பிகள் பத்துச் சென்டிமீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் அமைதல் வேண்டும். அவற்றின் கொக்கிகள் செங்கோணமாக நிற்காமல் 135 பாகை மடங்கித் தூணின் உள்ளே புகுதல் வேண்டும். செங்கோணக் கொக்கி, மேற்பூச்சு உதிர்ந்தவுடன் அவிழ்ந்துவிடும். இவ்வேலைக்கு மிகையான செலவு மிகச் சிறிது, மேற்பார்வையே பெரிது.

மேன்மாடம் பெரிதாகவும் ஒரு பக்கமாகவும் அமைதல் தவிர்க்கவியலாதாயின், கட்டடத்தையே இரண்டாகப் பிரித்துவிடுதல் ஒரு வழி. நான்குநிலைப் பகுதி ஒன்று, மூன்றுநிலைப் பகுதி ஒன்று. கூரைமுதல் கடைக்கால்வரை இடையே வெற்றிடம். ஒவ்வொன்றும் தனக்கியல்பான முறையில் ஆடும். ஒன்று மற்றொன்றை முறுக்காது. ஆனால் இரண்டும் ஆடும்போது மோதாதவாறு இடைவெளி போதியதாதல் வேண்டும். விதிநூல் ஒப்பும் பெரும அசைவு, உயரத்தில் ஆயிரத்துக்கு நான்கு. 9 மீட்டர் உயரத்தில் அது 3.6 சென்டிமீட்டர், இரண்டு பகுதிக்கும் சேர்த்து 7.2. நன்கு கம்பி கட்டிய சட்டகத்திற்கு இதனை ஐந்தாற் பெருக்குதல் வேண்டும். இருபகுதித் தளங்களும் ஒரே மட்டத்தில் இருப்பின் இரண்டரையாற் பெருக்கினாற் போதும். அவ்வாறாயின் இடைவெளி 18 சென்டிமீட்டர். தளமட்டங்கள் ஒவ்வாதிருப்பின் 36. ஒரு பகுதியின் தளம் மற்றொன்றன் தூணின் நடுவிற் சம்மட்டிபோல் மோதும் ஆகலின் பின்னதற்கு இருமடங்கு. அவ்விடைவெளியில் மழைநீர் இறங்குமென்று கருதிச் செங்கல் துண்டும் காரையும் இட்டு அடைத்துவிடின், பிரித்த பயன் முழுதும் போய்விடும். மழைக்குத் துத்தநாகத் தகடொன்றை ஒரு பக்கத்தில் மட்டும் பிணைத்து, மறுபக்கம் வழுக்கிச் செல்லுமாறு மேலே கவிழ்த்துவிட்டாற் போதும்.